கேள்வி-பதில்: வீட்டு நாஸ் பெட்டியில் எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டாப், இரண்டு லேப்டாப், நான்கு கைப்பேசிகள் இருக்கின்றன. குடும்பப் புகைப்படங்கள், மகளின் அரங்கேற்ற வீடியோக்கள், என் தணிக்கைத் தொழில் சார்ந்த கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டெராபைட் ஆகிவிட்டன. அவை மூன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. கடைக்காரர் நான்கு டிஸ்க் பொருத்தும் நாஸ் பெட்டி ஒன்றைக் காட்டி, இதில் ரெய்டு வசதி இருப்பதால் தனியாக பேக்கப் தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: வீட்டு வலையமைப்பில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சேமிப்பகமாக இயங்கும் நாஸ் பெட்டி உங்களுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் நான்கு டிஸ்க் பெட்டி தேவையில்லை. கடைக்காரர் கடைசியாகச் சொன்னது தவறு என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் இணைத்தால், எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு பெட்டி தொடர்ந்து இயங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டிலிருந்தும் அந்தக் கணமே அழியும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும், மின்னழுத்தம் எகிறிப் பெட்டி கருகினாலும், யாராவது பெட்டியையே தூக்கிச் சென்றாலும் இரண்டாவது டிஸ்க்கினால் பயனில்லை. ஆகவே நாஸில் இருப்பது ஒரு பிரதி என்றே கணக்கு வையுங்கள். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை: உங்களிடம் உள்ள மூன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் கொள்ளளவு மிகுந்ததும் வயது குறைந்ததுமான ஒன்றில் மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து அலுவலக அலமாரியில் வைத்துவிடலாம்.

இரண்டு டிஸ்க் பெட்டியும், ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொண்ட இரண்டு டிஸ்க்குகளும் உங்கள் தேவைக்குப் பல ஆண்டுகள் தாங்கும். ரெய்டு 1இல் கிடைக்கும் இடம் 4 டெராபைட் மட்டுமே. விண்டோஸ் வேறு அளவுகோலில் கணக்கிடுவதால் அது 3.63 என்று காட்டும், ஏமாற்றிவிட்டார்களோ என்று பதற வேண்டாம்.

பெட்டியில் மிச்சப்படுத்தும் பணத்தை டிஸ்க்கில் போடுங்கள் என்பதே என் கருத்து. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது சிஎம்ஆர் டிஸ்க்கா, எஸ்எம்ஆர் டிஸ்க்கா? சிஎம்ஆர் வகையில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அடுத்தடுத்து இருக்கும், அதையே வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் அவை கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், பழுதான டிஸ்க்கை மாற்றிவிட்டு ரெய்டை மீண்டும் கட்டமைக்கும் நேரத்தில் இவை மிகவும் மெதுவாகிவிடும், சில வேளைகளில் பாதியில் நின்றும் போகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. இன்று அதன் ரெட் பிளஸ், சீகேட்டின் ஐயன்வுல்ஃப் ஆகிய இரண்டுமே சிஎம்ஆர். இரண்டுக்கும் மூன்றாண்டு வாரண்டி உண்டு.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த மாடல் எந்த டிஸ்க்குகளை ஏற்கும் என்ற பட்டியலையும் பாருங்கள். சினாலஜி நிறுவனம் 2025இல் தன் பிளஸ் வரிசைப் புதிய பெட்டிகளில் பிற நிறுவன டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 என்ற தன் இயக்க மென்பொருள் பதிப்பில் அதைத் தளர்த்தியது. பிராசசர், ரேம் பற்றி விற்பனையாளர் நீட்டி முழக்குவார். கோப்புகளைச் சேமிக்கவும் எடுக்கவும் சாதாரணப் பிராசசரே போதும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். அதன் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட்தான் செல்லும். ஒன்றரை டெராபைட்டை முதல் முறை ஏற்றவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். கிகாபிட் போர்ட் என்றால் அதே வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடியும். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி நாஸையும் டெஸ்க்டாப்பையும் அதில் கேபிள் மூலம் இணைத்துவிடலாம்.

வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து நாஸை நேரடியாக இணையத்துக்குக் காட்டிவிடும் யோசனையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பணப்பறிப்பு நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. அதே ஆண்டு ஜூனில், 2015க்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பே பெறாத வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சேமிப்புச் சாதனங்களின் தரவு தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டது. உங்களிடம் இருப்பவை வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் (வீட்டு வலையமைப்புக்குள் செல்லும் பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் பாருங்கள்.

மின்சாரமும் கணக்கில் வரட்டும். பெட்டி சராசரியாக 20 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் ஆகும். இது பெரிய தொகையல்ல. ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நின்றால் கட்டண விகிதமே மாறும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்: பேட்டரி தீரப்போவதை அது நாஸுக்குத் தெரிவிக்காது. யுஎஸ்பி கேபிள் வழியே நாஸுடன் பேசும் சிறிய யுபிஎஸ் இருந்தால், பேட்டரி குறையும்போது பெட்டி கோப்புகளை முறையாக மூடித் தானே அணைந்துகொள்ளும்.

கேள்வி: ஆன்லைனில் புதியது என்று வாங்கிய நாஸ் ஹார்ட் டிஸ்க் எட்டு மாதத்தில் பழுதாகிவிட்டது. இந்தியாவில் இதற்கு வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்புகிறது. என்ன செய்வது?

பதில்: வேறு நாட்டுச் சந்தைக்கென்று வந்த டிஸ்க்கையோ, கணினி உற்பத்தியாளருக்கு மொத்தமாக விற்கப்பட்ட டிஸ்க்கையோ உங்களுக்கு விற்றிருக்கலாம். உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து, அங்கே வரும் பதிலைப் படமெடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தில் வாரண்டி உண்டு என்று சொல்லியிருந்தால், பொறுப்பு விற்றவருடையது. முதலில் எழுத்து மூலம் விற்பனையாளரிடமும் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும் முறையிடுங்கள். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். அதன் பிறகும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

அடுத்த முறை டிஸ்க் கைக்கு வந்த அன்றே சீரியல் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள், பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஓடிய நேரம் பூச்சியமாக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது தெரியவந்தது. ஆகவே டிஸ்க் காட்டும் ஓடிய நேரக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று: வாரண்டியில் டிஸ்க்தான் மாற்றிக் கிடைக்கும், அதிலிருந்த தரவு கிடைக்காது. பழுதான டிஸ்க் உங்கள் கோப்புகளோடுதான் சர்வீஸுக்குப் போகிறது என்பதால், நாஸை அமைக்கும்போதே, கடவுச்சொல் இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி செய்யும் குறியாக்க வசதியை இயக்கிவிடுவது நல்லது.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பையே நாஸாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. கணினியை நாஸாக மாற்றும் மென்பொருள்களான ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் ஆகிய இரண்டும் இலவசம். ஆனால் பழைய டெஸ்க்டாப் 60 வாட் எடுத்தால் மாதம் 43 யூனிட் ஓடும். பழுது வந்தால் நீங்களேதான் பார்க்க வேண்டும். அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.