“விசாரிச்சிட்டு விடுறம்” என்று கூட்டிப்போனால் அது கைதா? – சட்டக் கேள்வி பதில்

மட்டக்களப்பு, கல்முனை நீதிமன்றங்களில் ஆஜராகிற சட்டத்தரணி நான். இன்று கைது, பொலிஸ் விசாரணை பற்றி மட்டும். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். காணிப் பிரச்சினையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

களுவாஞ்சிக்குடி: அண்ணாவை வெள்ளி பின்னேரம் பிடித்தார்கள். திங்கள்தான் கோர்ட் என்கிறார்கள். சரியா அக்கா?

பிழை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடித்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் முற்படுத்த வேண்டும் என்கிறது. பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் கொண்டுபோகும் பயண நேரம் மட்டுமே அதில் கழியும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) கழியாது. கோர்ட் பூட்டியிருந்தால் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்த வேண்டியதுதான். இன்னொன்று: 24 என்பது கடைசி எல்லை. தேவையில்லாமல் தாமதிக்கக் கூடாது என்பதே முதல் விதி.

அக்கரைப்பற்று: 41ஏ நோட்டீஸ் தராமல் கைது செய்யலாமா? எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே எடுப்பது?

தம்பி, கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லிக் கொடுக்கிற அந்த 41ஏ நோட்டீஸ் இந்தியச் சட்டம். தமிழ்நாட்டு யூடியூப் சட்டத்தைக் கொண்டுபோய் இங்குள்ள பொறுப்பதிகாரியிடம் பேசினால் சிரிப்பார். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்கள் எவை என்று எங்கள் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. நியாயமான சந்தேகம் இருந்தால் அவற்றில் பிடிக்கலாம். ஆனால் ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 13(1) அதைத்தான் சொல்கிறது.

காத்தான்குடி: பெண்ணின் உடலை ஆண் பொலிஸ் சோதிக்கலாமா?

கூடாது. பெண்தான் சோதிக்க வேண்டும்.

திருக்கோவில்: அப்பா வாக்குமூலம் கொடுத்தார். சிங்களத்தில் எழுதினார்கள். கையெழுத்தும் போட்டுவிட்டார். இப்ப பயமாக இருக்கு.

என்னிடம் வருகிற வழக்குகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது? எழுதியதை உங்களுக்கு விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எழுதியிருந்தாலும், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை சாதாரண வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது; சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தடுக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கதை வேறு. அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு, அல்லது அவருக்கு மேற்பட்டவருக்குக் கொடுத்தது சாட்சியமாகலாம். எனவே எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வாழைச்சேனை: மச்சானை ஜீப்பில் ஏற்றினார்கள். கைது இல்லை, விசாரிச்சிட்டு விடுறம் என்றார்கள். இரவு முழுக்க விடவில்லை.

அது கைதுதான். விலங்கு போட்டால்தான் கைது என்றில்லை. “நான் போறன்” என்று எழும்பிப் போக முடியாவிட்டால் அது கைது. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரைப் பொலிஸ் தங்களுடன் வரச் சொன்னது. விசாரிக்கத்தான் கூப்பிட்டோம் என்று வாதாடினார்கள். உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் Supreme Court) ஏற்கவில்லை.

செங்கலடி, ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட்: தங்கச்சி, இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஒரு சாட்சிக்காரனையும் கூப்பிட ஏலாது. விசாரணைக்கு அழைக்கப் பொலிசுக்கு அதிகாரம் இருக்கு.

இருக்கு ஐயா, எழுத்து மூலம். ஜீப்பில் ஏற்ற இல்லை.

சார்ஜன்ட்: களவு போன வீட்டு வாசலில் நின்று கடிதம் எழுதச் சொல்கிறீர்களா?

சந்தேகம் இருந்தால் கைது செய்யுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், புத்தகத்தில் நேரத்தைப் பதியுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். நேரத்தைப் பதியாமல் இருப்பதற்குத்தானே இந்த “விசாரிச்சிட்டு விடுறம்”? பதிந்தால் 24 மணித்தியாலம் ஓடத் தொடங்கிவிடும்.

சார்ஜன்ட்: எல்லாரும் அப்படியில்லை.

இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வேலை செய்த காலத்தில் பதியாமல் வைத்திருந்த ஆளே இல்லையா ஐயா?

(அவர் பதில் போடவில்லை. இதற்கிடையில் பதினாறு பேர் சண்டை பார்க்க வந்துவிட்டார்கள்.)

ஏறாவூர்: முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

தடுப்புக் காவல் உத்தரவில் 18 மாதமாக இருந்த உச்ச எல்லையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 ஆக்கியது. இந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள்.

கல்லடி: போன வருசம் பொலிசில் அடித்தார்கள். இப்ப உயர் நீதிமன்றம் போகலாமா?

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. முறையிட்டீர்களா? ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறதா? இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

பொத்துவில்: அக்கா, சனிக்கிழமை பிடித்தால் 24 மணித்தியாலம் எப்படி?

மேலே முதல் பதில்.

நிந்தவூர்: போயா நாளில்?

அதே பதில். வாசிக்காமல் கேட்பவர்களுக்கு இனிப் பதிலில்லை.

ஆரையம்பதி: அக்கா, தம்பியை இப்பதான் ஏற்றிக்கொண்டு போறாங்க. என்ன செய்ய?

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நேரத்தையும் வாகன இலக்கத்தையும் இப்பவே எழுதுங்கள். இரண்டு பேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள், தனியாக வேண்டாம். சத்தம் போடாமல் என்ன குற்றச்சாட்டு என்று கேளுங்கள். இங்கே இல்லை என்று சொன்னால் 1996க்கு எடுங்கள், அது ஆணைக்குழுவின் இலக்கம். எந்தப் பொலிஸ் நிலையம் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.