ரைஸ்ட்டாஃபல் மேசையில் உட்காருமுன்

தம்பி, வேலைக்காக நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்கு வருவதாகவும், வந்த வாரமே அலுவலகத்தார் ரைஸ்ட்டாஃபல் என்ற இந்தோனேசியச் சோற்று விருந்துக்கு அழைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சைவக்காரர் அங்கே என்ன சாப்பிடலாம், வாடகை வீடு எப்படித் தேடுவது, சைக்கிள் தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கு உங்கள் நிறுவனத்தையே நச்சரியுங்கள். சைக்கிள் வாங்குங்கள், பூட்டை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நடுவில் சோறு, சுற்றிலும் பத்துப் பதினைந்து கிண்ணங்கள், ஆறாமலிருக்க அடியில் சிறு மெழுகுவர்த்திகள். காய்கறியைக் கண்டதும் சைவம் என்று கைவைத்துவிடாதீர்கள். ட்ராசி என்று ஒரு இறால் விழுது இருக்கிறது. சம்பலில், பயற்றங்காய் வதக்கலில், காடோ காடோ என்ற காய்கறிக் கலவையின் நிலக்கடலைக் குழம்பில்கூட அது கலந்திருக்கும். நம் அப்பளம்போல் மொறுமொறுக்கும் க்ரூபுக் பெரும்பாலும் இறால் சேர்த்தது. 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. மேசை பதியும்போதே, ட்ராசி கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பல உணவகங்களில் சோயாவில் செய்யும் டெம்பேயும் தாஹுவும் வைத்துச் சைவ ரைஸ்ட்டாஃபல் தனியாகவே தருகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையவும் வேண்டாம். கொஞ்சம் சோறு, ஒரு கறி, பிறகு அடுத்தது.

'நம் சோறு கறிதானே, இனிப்புத்தான் கூட' என்று ஒரு வாயோடு ஒதுக்கும் நம்மவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பல வருடம் இங்கே இருந்தும், பக்கத்து மேசைக்காரர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டிராதவர்கள் அவர்கள். இந்த விருந்து டச்சு ஆட்சிக்கால ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. அந்நாளில் பட்டாவியாவின், அதாவது இன்றைய ஜகார்த்தாவின், ஓட்டல் டெஸ் இன்டஸில் பணியாளர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏந்தி வரிசையாக வந்து பரிமாறுவார்கள். இந்தோனேசிய வீடுகளில் தினமும் இப்படிச் சாப்பிடுவதில்லை. ஆனால் 1945க்குப் பிறகு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்தார்கள். பலர் டச்சு, இந்தோனேசியர் என இரு இனங்களும் கலந்த குடும்பத்தினர், முன்பின் ஹாலந்தைப் பார்த்திராதவர்கள். ஹேக்கில் மிகுதியாகக் குடியேறினார்கள். இங்கே இந்தச் சமையலைக் கட்டிக்காத்தது அவர்கள்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் அகதியாக வந்தபோது, தங்கவைத்த விடுதியில் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும்தான். நாக்கு செத்துப்போயிருந்தது. அப்போது கண்ணில் பட்டது ஒரு டோக்கோ, அதாவது இந்தோனேசியப் பலசரக்குக் கடை. வாசலிலேயே மல்லித்தூள் வாசனை. இந்தோனேசியாவின் பாண்டுங்கிலிருந்து சிறுமியாக வந்த அம்மா ஒருவர் கல்லாவில் இருந்தார். என் டச்சு அரைகுறை. கேட்க வார்த்தை கிடைக்காமல் புளியைச் சுட்டிக் காட்டினேன். அவர் புளியை எடுத்து வைத்து, கூடவே கட்டித் தேங்காய்ப்பால் பாக்கெட் ஒன்றையும் வைத்து, வெந்நீரில் கரைக்க வேண்டும் என்று கையால் காட்டினார். அன்றிரவு விடுதியில் எங்கள் அறைக்காரர் அத்தனை பேரும் சொதியும் சோறும் சாப்பிட்டோம். இன்றும் என் வீட்டுத் தேங்காய்ப்பாலும் புளியும் டோக்கோவிலிருந்துதான் வருகின்றன.

கடைசியில் ஸ்பெக்கூக் என்ற அடுக்கு கேக் வரும். முட்டை மஞ்சள் கரு ஏராளம், அதனால் நீங்கள் முட்டையும் தொடாதவர் என்றால் அதை விட்டுவிடுங்கள்.