பினாங்குக்கு கப்பல் ஏறுன சனம்

கேள்வி: அண்ணே, எங்க தாத்தாவோட தம்பி பினாங்குக்கு போனாராம். அந்த ஊரு எப்புடி அவ்வளவு பெருசாச்சு? – வாசகர், ஹட்டன்

பதில்: வரி இல்லாததுதான் தம்பி முக்கிய காரணம். 1786ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பிரான்சிஸ் லைட், இப்ப மலேசியாவுல இருக்குற பினாங்கு தீவ பக்கத்து கெடா நாட்டு சுல்தான்கிட்ட இருந்து எடுத்து வரியில்லாத துறைமுகமா தொறந்து விட்டாரு, சீனாக்காரங்க, சூலியான்னு சொல்ற தமிழ் முஸ்லிம், செட்டியாருன்னு எல்லாரும் கடை போட வந்துட்டாங்க. சுல்தானுக்கு பாதுகாப்பு தாறோம்னது மட்டும் நடக்கல, வெள்ளைக்காரன் பேச்சு நமக்குத் தெரியாததா! பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர சேத்து வெள்ளைக்காரன் ஆண்ட பகுதிக்கு பினாங்குதான் தலைநகரா இருந்துச்சு, 1832ல அது சிங்கப்பூருக்குப் போயிருச்சு, ஆனாலும் வெள்ளீயம், பொறகு ரப்பர்னு யாவாரம் ஓடுச்சு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுன நம்ம சனம் பினாங்குல எறங்கித்தான் தோட்டத்துக்குப் போச்சு, அங்கயும் கங்காணி, அங்கயும் லயம், இங்க தேயிலைக் கொழுந்து அங்க ரப்பர் பாலு அவ்வளவுதான். 1969ல வரிச்சலுகை போயி வேலையில்லாம தவிச்சாங்க, 1972ல பினாங்குலயே பாயான் லெப்பாஸ்ங்கிற எடத்துல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு.