டிபிஎஸ் போட்டால் முப்பது நாளில் வேர்க் பெர்மிட் வருமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து இரண்டு வருடம். பீஸ் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் அண்ணாவைத் தேடி சிஐடி வீட்டுக்கு வந்து போகிறது, என்னைப் பற்றியும் விசாரித்திருக்கிறார்கள். வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதால் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்க முடியாது, டிபிஎஸ் போட்டால் முப்பது நாளில் வேர்க் பெர்மிட் (வேலை அனுமதி) எடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். 3,000 டொலரும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. காசையாவது பிறகு உழைத்துக்கொள்ளலாம், அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாது.

டிபிஎஸ் என்கிற தற்காலிகப் பாதுகாப்பு தனி ஆள் கேட்டு வாங்குகிற விஷயமே இல்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரோ பேரழிவோ நடந்த ஒரு நாட்டின் பெயரை இங்குள்ள உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் அறிவிக்க வேண்டும், அறிவித்தால் அந்த நாட்டுக்காரர்கள், அதுவும் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இங்கே இருந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்துக்குக் கொடுத்தார்கள். இலங்கைக்கு இதுவரை கொடுத்ததே இல்லை, சுனாமிக்கும் கொடுக்கவில்லை, 2009க்குப் பிறகும் கொடுக்கவில்லை. அந்த மனிதருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

சரி, அப்படியானால் காசை வாங்கிக்கொண்டு என்ன செய்வார்? இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் டிபிஎஸ் என்று வாயால் சொல்லிவிட்டு, உங்கள் கையெழுத்துள்ள தாளில் அசைலம் படிவத்தை, அதாவது ஐ-589ஐ, நிரப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்த ரசீது இருந்தால்தான் பின்னால் வேர்க் பெர்மிட் கேட்க முடியும். கேஸ் வென்றாலும் தோற்றாலும் அவருக்குக் கவலையில்லை. உள்ளே எழுதுவது ஏற்கெனவே பத்துப் பேருக்கு எழுதிய அதே கதை. அதில் ஈழத்தமிழருக்கு மட்டும் உள்ள ஒரு கண்ணிவெடி இருக்கிறது: கதைக்குக் காரம் சேர்க்க, 'இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்தோம், காசு சேர்த்துக் கொடுத்தோம்' என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். புலிகள் இயக்கம் 1997 அக்டோபரிலிருந்து அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறது, அதற்குப் பொருளுதவி செய்தவருக்கு அசைலம் கிடையாது. இரக்கம் வரட்டும் என்று எழுதிய வரியே கதவைச் சாத்திவிடும். அதுவும் நடக்காத ஒன்றுக்காக!

தெரிந்தே பொய்க்கேஸ் போட்டதாக முடிவானால் குடிவரவுச் சலுகை எதுவும் வாழ்நாளுக்கும் கிடையாது, நாளைக்கு நீங்கள் இங்கத்தைய சிட்டிசனைக் கல்யாணம் செய்தாலும் சரி. 'அதை எழுதியது நான் இல்லை' என்றால் அதிகாரி கையெழுத்தைத்தான் காட்டுவார். படிவத்தைத் தயாரித்தவர் தன் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட அதிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள், ஆள் நழுவுவார். முகவரிக் கட்டத்தையும் பாருங்கள். கடிதமெல்லாம் தன் கைக்கு வரட்டும் என்று தன் முகவரியைப் போடுகிறவர்கள் உண்டு. நேர்முகக் கடிதம் அங்கே போய்த் தூங்கும், நீங்கள் போகாததால் கேஸ் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

இனி, அவர் பாதி மட்டும் சொன்ன ஒரு வருட விதி. வந்து ஒரு வருடத்துக்குள் அசைலம் கேட்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செல்லுபடியாகும் விசா நிலையில் ஒருவர் இருந்த காலத்தை விதியே அசாதாரணச் சூழ்நிலை என்று ஏற்கிறது. மாணவர் நிலை ஒழுங்காக இருந்தவரை நீங்கள் விண்ணப்பிக்காதது குற்றமில்லை, அந்த நிலை முடிந்த பிறகு 'நியாயமான காலத்துக்குள்' விண்ணப்பித்தால் போதும். நியாயமான காலம் எவ்வளவு? சட்டத்தில் ஒரு எண் எழுதித் தொலைத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி, எழுதவில்லை. ஆறு மாதம் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள், அதற்குள் என்றாலும் ஏன் இவ்வளவு நாள் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, ஆனால் கணக்கு நீங்கள் வகுப்புக்குப் போகாத நாளிலிருந்தா, கல்லூரி உங்கள் செவிஸ் பதிவை, அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவை, மூடிய நாளிலிருந்தா என்று இழுபறி வரலாம். முந்தைய தேதிதான் செல்லும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இன்னும் இரண்டு மாதம் யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒன்று நேராகச் சொல்லவேண்டும். வேர்க் பெர்மிட்டுக்காக மட்டும் அசைலம் அடிக்காதீர்கள். விசா நிலை இல்லாத நிலையில் அதிகாரி ஏற்காவிட்டால் கேஸ் குடிவரவு நீதிபதியிடம் போகும், அது நாடுகடத்தும் வழக்கு. உங்கள் வீட்டுக்கு சிஐடி வந்தது உண்மையென்றால் அதையே சொல்லுங்கள், எந்தத் தேதி, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று. அண்ணாவைப் பிடித்து வைத்திருந்த காலம் இருந்தால் செஞ்சிலுவைச் சங்க அட்டை, மனித உரிமை ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாடு, அம்மாவின் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் எடுங்கள். தமிழில் உள்ளதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

முப்பது நாள் வேர்க் பெர்மிட்டை மறந்துவிடுங்கள். அசைலம் படிவம் போய்ச் சேர்ந்து 150 நாள் கழித்துத்தான் வேர்க் பெர்மிட் படிவமான ஐ-765 போடலாம், 180 நாளுக்கு முன் கார்டு தரமாட்டார்கள். நீங்களே தவணை கேட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. கட்டணமும் இருக்கிறது: 2025 ஜூலைச் சட்டம் அசைலம் கேட்க 100 டொலர், முதல் வேர்க் பெர்மிட்டுக்கு 550 டொலர் என்று வைத்தது, விலைவாசிக்கேற்ப அது கூடும், வசதியில்லை என்று விலக்குக் கேட்கவும் முடியாது. கேஸ் முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தனியாக ஒரு தொகை. காக்க வைப்பது அவர்கள், காத்திருந்ததற்குக் காசு கட்டுவது நாங்கள்! 5 வருடத்துக்குக் கொடுத்த கார்டையும் 2025 டிசம்பரில் 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். விதிகள் இந்த வேகத்தில் மாறுவதால், அனுப்புகிற அன்று அரசுத் தளத்தில் உள்ள தொகையையும் படிவத்தையுமே நம்புங்கள். படிவம் இலவசம், அதை விற்கிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

யாரிடம் போவது? வழக்கறிஞர், அல்லது அமெரிக்க நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதி. இந்த இருவகையினர்தான் உங்களுக்காகப் பேசலாம். நம் ஊரில் நொத்தாரிசு சட்டம் படித்தவர், இங்கே நோட்டரி என்று பலகை மாட்டியவர் கையெழுத்துக்குச் சாட்சி மட்டுமே. வழக்கறிஞர் என்றால் அந்த மாநில பார் (வழக்கறிஞர் சங்க) தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள், உங்கள் வழக்கறிஞர் தான்தான் என்று அரசுக்கு அறிவிக்கும் ஜி-28 படிவத்தில் கையெழுத்திடுகிறாரா என்று கேளுங்கள். காசில்லையென்றால் குடிவரவு நீதிமன்றத் தளத்தில் மாநில வாரியாக இலவச, குறைந்த கட்டணச் சட்ட உதவிப் பட்டியல் இருக்கிறது. வரிசை நீளம், அதனால் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கேட்டு வையுங்கள்.

அதற்கு முன்பு இந்த வாரமே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உங்கள் செவிஸ் பதிவு எந்தத் தேதியில் மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள், நீங்கள் நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94ஐயும் அச்செடுங்கள். எந்த வழக்கறிஞரும் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.