85,000 ரூபா ரைஃபிள்: மகளுக்கு வாங்கிக் குடுக்கலாமா?

கேள்வி: என் மக கண்டியில ஹொஸ்டல்ல தங்கி கிரேட் 9 படிக்குது. இந்த வருசம் ஸ்கூல் ஷூட்டிங் டீம்ல எடுத்திருக்காங்க, 10 மீட்டர் எயார் ரைஃபிள். கை நல்லா நிக்குதுன்னு கோச் சொல்றாரு. கொழும்புல ஒரு கடையில ஸ்போட்டிங் ரைஃபிள்னு ஒன்னு பார்த்தேன், குறி பார்க்கிற ஸ்கோப்போட சேர்த்து 85,000 ரூபா, லைசன் ஒன்னும் தேவையில்லன்னாங்க. சீட்டு எடுத்த காசு கையில இருக்கு. லீவுக்கு வந்தா வீட்டுல பழகிக்கும், தோட்டத்துல லீக்ஸையும் போஞ்சியையும் நாசம் பண்ணுற குரங்கையும் வெரட்டிக்கலாம். வாங்கலாமா? (ஒரு அப்பா, ஹட்டன் பக்கம்)

பதில்:

அண்ணே, வாங்காதீங்க. சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா சீட்டுக் காசு வீட்டுல ரொம்ப நாளைக்கு நிக்காது, நீங்க இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த கொழும்பு பஸ் ஏறிடக் கூடாதுன்னு எனக்கு பயம்.

அந்தத் துவக்கு மோசமான சாமான்னு நான் சொல்லல. அந்த விலைக்கு அது வேற வேலைக்கு செஞ்ச சாமான். நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா அது குழலை மடக்கி லோட் பண்ணுற ஸ்பிரிங் துவக்காத்தான் இருக்கணும். உள்ளுக்குள்ள ஒரு பெரிய ஸ்பிரிங், அதுக்கு முன்னால பிஸ்டன். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ஞ்சு காத்தை நெரிக்கும், அந்தக் காத்துதான் குண்டைத் தள்ளும், ஆனா குண்டு குழலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாலயே துவக்கு ஒருக்கா பின்னால உதைச்சு ஒருக்கா முன்னால குலுங்கிடும். அதனால நீங்க எப்படிப் பிடிச்சிருக்கீங்கங்கிறதைப் பொறுத்து குண்டு போற எடம் மாறும், இன்னைக்கு கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா ஒரு எடம், நாளைக்கு தளர்த்திப் பிடிச்சா வேற எடம்.

உங்க மக சுடுற தாள்ல நடுவுல இருக்கிற பத்துப் பாயிண்ட் எடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளிதான். குண்டு 4.5 மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 2.5 மில்லிமீட்டர், அவ்வளவு தள்ளினா ஒரு பாயிண்ட் போச்சு. பெரிய போட்டிகள்ல இந்த மாதிரி 60 குண்டு, முந்தி பொம்பளப் புள்ளைங்களுக்கு 40 தான் இருந்துச்சு, 2018லருந்து அவங்களுக்கும் 60. டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம நாட்டுக்காக தெஹானி எகொடவெல சுட்டது இந்தப் போட்டியிலதான். கடலூர்ல பொறந்த நம்ம தமிழ்ப் புள்ள இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ உலகக் கிண்ணத்துல தங்கம் எடுத்ததும் இதே 10 மீட்டர் எயார் ரைஃபிள்ல.

கடைக்காரர் செக்கனுக்கு 1000 அடி, 1200 அடி வேகம்னு சொல்லியிருப்பாரு. போட்டி ரைஃபிள் செக்கனுக்கு 175 மீட்டர் அளவுலதான் சுடும், அதாவது 570 அடி சொச்சம். 10 மீட்டர்ல கடதாசியில ஓட்டை போட வேகம் எதுக்கு, ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி போறதுதான் வேணும். அப்புறம் அந்த ஸ்கோப், அதைப் போட்டியில வைக்கவே விடமாட்டாங்க, பின்னால சின்னத் துளை வழியா குறி பார்க்கிற டயோப்டர் சைட்தான். விசையும் அப்படித்தான், போட்டி ரைஃபிள்ல 100 கிராம் அளவுல தொட்டாலே விழும், மலிவுத் துவக்குல ஒன்னரை ரெண்டு கிலோ இழுக்கணும். லீவுல ஒரு மாசம் அந்தக் கனத்த விசையை இழுத்துப் பழகின விரல் திரும்ப ஸ்கூல் ரைஃபிளைத் தொட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

எனக்கு ஆச்சு அண்ணே. நான் பதுளையில வளர்ந்தவ, பதினேழு வயசுல இதே மாதிரி ஒன்னை எங்கப்பா கடன் வாங்கி எடுத்துக் குடுத்தாரு. மொதல் நாள் சுட்ட தாள் இன்னும் என்கிட்ட இருக்கு, கடுகு வெடிச்சு அடுப்பு முழுக்கத் தெறிச்ச மாதிரி ஓட்டை. ஸ்கோப்பைப் பிடிச்சிருந்த கிளாம்ப் ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சங் கொஞ்சமா பின்னால நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கு அது தெரியல, என் கைதான் சரியில்லன்னு நெனச்சு அழுதிருக்கேன். உதைக்கப் போகுதேன்னு சுடுறதுக்கு முன்னாலயே கண்ணை மூடுற பழக்கம் வந்துருச்சு. அதை மாத்த ஏழெட்டு மாசம் ஆச்சு, அந்த வருசம் டீம்ல எடமும் போச்சு. அப்பாக்கிட்ட துவக்குலதான் கோளாறுன்னு நான் கடைசி வரைக்கும் சொல்லல, கடன் கட்டிக்கிட்டிருந்தாரு.

இன்னொன்னு நம்ம ஊர் மூடுபனி. துவக்கோட வர்ற ஸ்பொன்ஞ் வச்ச பெட்டியில அப்படியே பூட்டி வச்சா ஸ்பொன்ஞ் ஈரத்தைப் பிடிச்சுக்கும், என்னோடதுல ரெண்டு மாசத்துல குழல் மேல செம்மண் தூவின மாதிரி துரு.

இப்ப குரங்கு விசயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். உங்க கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும், ஒரு காலையில வந்துட்டுப் போனா மூணு மாசப் பாடு காலி. ஆனா 4.5 மில்லிமீட்டர் குண்டு குரங்கை ஒரே அடியில கொல்லாது, வயித்துல காயத்தோட காட்டுக்குள்ள போய் நாள்கணக்கா கெடந்து சாகும், மிச்சக் கூட்டம் மறுநாள் வரும். அதோட எல்லாக் குரங்கும் ஒன்னில்ல, நம்ம மலையில இருக்கிற மயிர் அடர்ந்த கருங்குரங்கு உலகத்துல இலங்கையில மட்டுந்தான் இருக்கு, அழிஞ்சுக்கிட்டு வருது, 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்குது, அதைச் சுட்டா கோர்ட் வரைக்கும் போகணும். இதை விடப் பெரிய விசயம், உங்க தோட்டத்துக்குக் கீழ என்ன இருக்கு? தேயிலை மலையாத்தான் இருக்கும். இடுப்பு வரைக்கும் தேயிலைச் செடி, அதுக்கு நடுவுல குனிஞ்சு கொழுந்து எடுக்கிற அக்காமார் மேல இருந்து பார்த்தா கண்ணுக்கே தெரியமாட்டாங்க. அந்த வேகத்துல போற குண்டு தவறினா எறக்கத்துல ரொம்ப தூரம் போகும், தகரத்துல பட்டா திரும்பும். லயத்துல சுவர் ஒட்டி வீடு, முன்னால புள்ளைங்க வெளையாடுது. அங்க வச்சு எந்தத் துவக்கையும் சுடக் கூடாது, உங்க மகளும் சுடக் கூடாது.

லைசன் வேணாம்னு கடைக்காரர் வாயால சொன்னது உங்களைக் காப்பாத்தாது. நம்ம நாட்டுல துவக்குக்கு 1916லருந்து தனிச் சட்டம் இருக்கு. எந்த ரைஃபிளா இருந்தாலும் காசு குடுக்கிறதுக்கு முன்னால மாடல் பேரை எழுதிக்கிட்டு உங்க பொலிஸ் ஸ்டேசனுக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய் கேட்டு, எழுத்துல வாங்குங்க. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க பெட்டிக்குள்ள வச்சு கொண்டு வந்து தர்றேன்னாலும் வேணாம்னு சொல்லிடுங்க. ஒரு தமிழ்ப் புள்ள நீளப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கண்டி பஸ்ல ஏறினா பாக்கிறவங்க என்ன நெனப்பாங்கன்னு நம்ம தலைமுறைக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. ஸ்கூல் ரைஃபிளைக் கொண்டு போற நாள்லயும் பொறுப்பான சேரோ டீச்சரோ கூட இருக்கணும், பிரின்சிபல் கடிதம் கையில இருக்கணும்.

அப்ப 85,000த்தை என்ன பண்ணுறது? ரைஃபிளுக்கு செலவழிக்காதீங்க, சுடுறதுக்கு செலவழிங்க. ஸ்கூல்ல ரைஃபிள் இருக்கு, பெரும்பாலும் குறையுறது குண்டும் நேரமுந்தான். தட்டைத் தலை உள்ள போட்டிக் குண்டு எது ஸ்கூல் ரைஃபிளுக்கு ஒத்துப் போகுதுன்னு கோச்கிட்ட கேட்டு அதையே வாங்கிக் குடுங்க. லீவுல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கண்டிக்குக் கூட்டிட்டுப் போய் ரேஞ்ச்ல சுட விட முடியுமான்னு கேளுங்க, பஸ் காசு அதுலருந்து போகட்டும். ஷூட்டிங் ஜாக்கட் டீம்ல பொதுவா ஒன்னு ரெண்டுதான் இருக்கும், அது யாருக்கும் சரியா பொருந்தாது, புள்ளைக்கு அளவா ஒன்னு கெடைச்சா முதுகு தாங்கும், ஆனா வளர்ற புள்ள, அடுத்த வருசம் வரைக்கும் பொறுத்து எடுக்கலாம்.

ரெண்டு மூணு வருசம் கழிச்சு புள்ள இதுலயே நிக்குதுன்னா அப்ப சொந்த ரைஃபிளைப் பத்தி பேசலாம். புதுசு ஜெர்மன் போட்டி ரைஃபிள் பெரும்பாலும் ரெண்டாயிரம் யூரோவைத் தாண்டும், அது நம்மளால ஆகாது. ஆனா கிளப்ல யாராவது சட்டப்படி கைமாத்துற ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்ங்கிற பழைய ஜெர்மன் போட்டி ரைஃபிள் கெடைச்சா அதை நான் புது மலிவுத் துவக்கை விட நூறு மடங்கு நம்புவேன். 1970கள்ல வந்த மாடல், அதுவும் ஸ்பிரிங்தான், ஆனா சுடும்போது மேல் பாகம் முழுக்க தண்டவாளத்துல மாதிரி பின்னால வழுக்கிப் போகும், தோளுக்கு உதை வராது. உள்ள காத்து கசியாம அடைக்கிற சீல் மக்கிப் போயிருக்கான்னு மட்டும் தெரிஞ்சவங்களை வச்சுப் பாருங்க. இப்ப வர்ற காத்து சிலிண்டர் மாடல்னா சிலிண்டர்ல அடிச்சிருக்கிற திகதியைப் பாருங்க, பத்து வருசத்துக்கு மேல பாவிக்கக் கூடாதுன்னு கம்பனிக்காரங்களே சொல்றாங்க. 200 பார் அமுக்கத்துல காத்து நெரப்பணும், கரையோரத்துலன்னா டைவிங் கடைகள் இருக்கு, ஹட்டன்ல எங்க போவீங்க? கைப் பம்ப் தனியா வாங்கணும், அந்தக் காசையும் கணக்குல சேத்துக்கங்க.

இந்த லீவுக்கு வீட்டுல பழகணும்னா துவக்கே தேவையில்ல. மூணு கிலோ வர்ற மாதிரி ஒரு பலகையை ரைஃபிள் நீளத்துக்கு சீவிக் குடுங்க, நுனியில ஒரு ஆணி. எதிர்ச் சுவர்ல, நெஞ்சு உயரத்துக்கு மேல மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. காலையில சாப்பிடுறதுக்கு முன்னால, கால் ரெண்டையும் தோள் அகலத்துக்கு வச்சு, இடது முழங்கையை இடுப்பெலும்புல ஊன்றி (இடது கைப் பழக்கம்னா மாத்தி), மூச்சைப் பாதி விட்டுட்டு நிறுத்தி, ஆணி நுனியைப் புள்ளியில எட்டு செக்கன் வச்சிருக்கணும், அப்புறம் எறக்கி ஒரு நிமிசம் இளைப்பாறணும். ஒரு நாளைக்கு இருபது தடவை போதும். நீங்க பக்கத்துல உக்காந்து ஆணி எவ்வளவு ஆடுதுன்னு பார்த்து ஒரு கொப்பியில எழுதி வையுங்க, ஸ்கூல் தொடங்கும்போது அந்தக் கொப்பியை கோச்கிட்ட குடுத்து விடுங்க.