வாசகர் கேள்வி–பதில்: வளவை மூடலாமா?

கேள்வி: எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டின் வளவுக்கு (வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்துக்கு) மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டு, சுற்றியுள்ள அறைகளுக்கு ஏ.சி. வைக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். வளவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று ஆராய்ச்சிகள் சொல்வதாக ஆர்க்கிடெக்ட் கூறுகிறார். யார் பேச்சைக் கேட்பது? வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஆச்சியும் இருக்கிறார்கள்.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆர்க்கிடெக்ட் சொல்வதன் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆயினும், ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதுமே நீங்கள் திருப்தியடைந்துவிட வேண்டாம். எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு அகலமும் ஆழமும் கொண்ட முற்றத்தில் அளந்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். முற்றம் வீட்டைக் குளிர்விப்பது அதன் அளவையும், அதில் விழும் நிழலையும், இரவில் கதவு சன்னல்கள் திறந்திருப்பதையும் பொறுத்தது. பகல் முழுவதும் வெயில் விழும் அகன்ற முற்றம் வீட்டைச் சூடாக்கவும் கூடும்.

உங்கள் வீட்டின் கனத்த செங்கல் சுவர்கள் பகல் வெப்பத்தை உள்வாங்கி, அது அறைக்குள் வந்து சேரும் நேரத்தைத் தள்ளிப்போடுகின்றன. இரவில் சூடான காற்று வளவின் வழியே மேலேறி வெளியேற, முகப்புப் பக்கமிருந்தும் பின்கட்டுப் பக்கமிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஒளி புகும் தகட்டால் இறுக மூடினால், உள்ளே இறங்கிய வெயில் தரையிலும் தூண்களிலும் பட்டுச் சூடாக மாறும். அந்தச் சூடு வெளியேறத்தான் வழியிருக்காது.

இவ்வளவும் பொதுவான இயற்பியல். உங்கள் வீட்டுக்கு எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதை அளந்துதான் அறிய முடியும். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவிகளை வளவிலும் பட்டாலை என்கிற கூடத்திலும் மாடியிலும், வெளியே நிழலான ஓரிடத்திலும், வெயில் நேரடியாகப் படாமல் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் சில வாரங்கள் பதிவு செய்து, பிற்பகல் இரண்டு மணிக் கணக்கையும் விடியற்காலைக் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சோதனைக்காகத் தார்ப்பாய் கட்டிப் பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். தார்ப்பாய் வெயிலைத் தடுத்து நிழல் தரும், தகடோ வெயிலை உள்ளே விடும். ஒன்றின் முடிவு மற்றொன்றுக்குச் சான்றாகாது.

ஏ.சி. பற்றியும் ஒரு வார்த்தை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் வேலை செய்வோரிடம் கேட்டறிந்து, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில் இருப்பவர்கள் சற்றுக் கூடுதலான வெப்பத்தையும் இதமாகவே உணர்கிறார்கள் என்று காட்டினார்கள்; 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அந்த அணுகுமுறை இடம்பெற்றுள்ளது. மதிப்புமிக்க ஆய்வு. ஆனால் அலுவலக ஊழியர்களிடம் கேட்டதை ஆச்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. அவர்கள் படுக்கும் அறை ஒன்றுக்கு மட்டும் ஏ.சி. வைத்துவிட்டு, வளவைத் திறந்தே விடுங்கள் என்பது என் யோசனை.

கேள்வி: சன்னல் வழியே மரம் தெரிந்தால் நோயாளிகள் சீக்கிரம் குணமடைவார்கள் என்பது உண்மையா? சிறிய மருத்துவமனை ஒன்று கட்டவிருக்கிறோம்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கருத்து இது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் இணை இணையாக ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தபடி இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஒரே மருத்துவமனை, ஒரே வகை அறுவை சிகிச்சை என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊரில் மேற்குப் பார்த்துச் சன்னல் வைத்தால், கோடையில் பிற்பகல் முழுவதும் திரைச்சீலை இழுத்தே கிடக்கும். வேப்பமரம் வெளியே நின்றும் பயனில்லை. வடக்குப் பக்கமோ, ஊரணிக் கரையின் நிழலை நோக்கியோ வையுங்கள். சன்னலின் அடிமட்டத்தை முடிவு செய்யுமுன், கட்டில் வரும் இடத்தில் நீங்களே படுத்துப் பாருங்கள். நின்றால் தெரியும் மரம், தலையணையில் தலை வைத்ததும் மறைந்துவிடுகிறதா என்பது அப்போது விளங்கும்.

கேள்வி: சிறிய நிறுவனத்தில் வேலை செய்யும் இளம் ஆர்க்கிடெக்ட் நான். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க நேரமே கிடைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் கட்டி முடித்த வீட்டுக்கு ஓராண்டு கழித்துத் திரும்பிப் போவதிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனில் 1990களின் நடுவில் தொடங்கிய 'ப்ரோப்' ஆய்வுகள் இதைத்தான் செய்தன. மக்கள் குடியேறிய பிறகு கட்டடம் எப்படி இயங்குகிறது என்று பார்த்து, குறைகளையும் கட்டடத்தின் பெயரோடு வெளியிட்டன. மின்கட்டண அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்த அறையை ஏன் பயன்படுத்துவதில்லை என்று வீட்டாரிடம் கேளுங்கள், அடுத்த வரைபடத்தைத் தொடங்குமுன் அந்தக் குறிப்பை எடுத்துப் படியுங்கள்.