ஓவியரின் கல்வியும் பிழைப்பும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். இந்த ஆண்டு பி.காம். முடித்தேன். சிறுவயது முதலே வரைகிறேன். யாரிடமும் முறையாகப் பயின்றதில்லை. இப்போது இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர் எடுத்து, புகைப்படத்தைப் பார்த்துப் பென்சில் உருவப்படங்கள் வரைந்து கொடுக்கிறேன். ஒரு படத்துக்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன். ஓவியராக ஆக வேண்டும் என்பது என் ஆசை. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார், அதைப் படித்தால் ஓவிய ஆசிரியராகவாவது ஆகலாமே என்கிறார். கவின்கலைக் கல்லூரியில் படிக்காமல் ஓவியராக முடியாதா? படிப்பதென்றால் சென்னையா, திருவனந்தபுரமா? ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

படங்களில் இருந்தே தொடங்குகிறேன். நடிகரின் முகமும் மணமக்கள் படமும் சுத்தமான வேலை. கட்டம் போட்டு அளவெடுத்து, டிஷ்யூ காகிதத்தால் தேய்த்து நிழலை மென்மையாக்கி இருக்கிறீர்கள். வாங்கியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டிலும் எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற முடிவைக் கேமரா முன்பே எடுத்துவிட்டது. உங்கள் கை அதைப் பொறுமையாக நகலெடுத்திருக்கிறது. மூன்றாவது படம் வேறு. உங்கள் பாட்டி மரச்சீனிக்கிழங்குக்கு (மரவள்ளி) தொலி உரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தில் முகம் சரியாக அமையவில்லை, இடது கை அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. இருந்தும், முழங்காலில் ஊன்றிய கையின் பாரமும், கத்தியைப் பிடித்த பெருவிரல் அழுந்தியிருக்கும் விதமும் நேரில் பார்த்து எழுந்த கோடுகள் என்பது தெரிகிறது. அவர் அசைந்துகொண்டே இருந்திருப்பார், நீங்கள் ஒவ்வொரு கணமும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கும். ஓவியப் பயிற்சி என்று நான் எதைச் சொல்வேனோ அது அந்த மூன்றாவது தாளில் இருக்கிறது.

கல்லூரியில் படிக்காமல் ஓவியராக முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதே பதில். ஆனால் அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தால் உடனே ரவிவர்மாவின் பெயரைச் சொல்வார்கள். அவர் எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வரையத் தெரிந்த தாய்மாமன் ராஜராஜவர்மா அவரைத் தொடக்கத்தில் பயிற்றுவித்தார்; பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைச் சூழலுக்குள் வந்து சேர்ந்தார்; 1868-ல் அங்கே வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தார். ஜென்சன் கற்றுக்கொடுக்க முன்வரவில்லை, பார்க்க மட்டுமே அனுமதித்தார் என்பார்கள். அந்தப் பார்வையே ஒரு படிப்பு.

நம் காலத்துக்கு வந்தால் அச்சுதன் கூடல்லூர். கேரளத்தில் பிறந்து, தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, சென்னைக் கலைக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பின் மாலை நேர வகுப்புகளுக்குப் போய் வரைந்தவர். 1988-ல், ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான தேசிய அமைப்பான லலித் கலா அகாதெமியின் தேசிய விருதைப் பெற்றார். அவரையும் தானே கற்றவர் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால், தன்னைப் போலவே வரையும் சிலர் நடுவில் தன் தாளை விரித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. உங்களுக்கு இன்று இல்லாதது அதுதான். இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் இதயக்குறி அந்தக் கையின் நீளம் தவறு என்று சொல்லாது.

கல்லூரி தருவதும் பெரும்பாலும் இதைத்தான். நான்கு ஆண்டுகள் பிழைப்புக் கவலை சற்றுத் தள்ளி நிற்க, தினமும் மாடலை எதிரில் வைத்து வரைவது, உடன் படிப்பவர்கள் உங்களைவிட நன்றாக வரைவதைக் கண்டு எரிச்சல் படுவது, ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் உங்கள் படத்தைப் பிரித்துப் பேசும்போது தலை குனியாமல் கேட்பது ஆகியவற்றைச் சான்றிதழைவிட மேலாக மதிக்கிறேன். சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர் அந்த இடத்துக்கு வந்தார். அங்கிருந்து வந்தவர்களின் படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்காது. ஆதிமூலத்தையும் சந்தானராஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. செம்பியன்வரம்பில் என்ற கிராமத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா முதலில் அங்கே படித்து, பிறகு சென்னையில் முதுகலை முடித்தவர். கிராமத்து வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தைத் தமிழ் வாசகர்கள் வார இதழ்களில் கண்டு வியந்தது அவர் கையால்தான். 2021-ல் கொரோனாவில் இறந்தார்.

திருவனந்தபுரம் நமக்குப் பக்கம். அங்குள்ள கவின்கலைக் கல்லூரியின் வேர் 1888-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய கலைப் பள்ளியில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை அது நம் தலைநகரம். இன்று விண்ணப்பத்தில் நாம் வெளி மாநிலத்தவர். இட ஒதுக்கீடு, கட்டணச் சலுகை எல்லாவற்றிலும் அந்தக் கணக்கு வரும். ஆகவே சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் முதலில் விண்ணப்பியுங்கள். வயது வரம்பை இந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள். சேர்க்கைக்கான திறனறித் தேர்வில் கண்முன் உள்ளதைத்தான் வரையச் சொல்வார்கள், புகைப்படம் கையில் இருக்காது. பாட்டியைத் தொடர்ந்து வரையுங்கள்.

படிக்கப் போகாவிட்டாலும் திருவனந்தபுரத்துக்குப் படம் பார்க்கப் போய்விட்டு வாருங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய குறை, அசல் ஓவியத்தை நேரில் பார்க்காமலே வளர்வது. ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீடுகளில் காலண்டர் வழியாகத் தொங்கியவர்கள். அருங்காட்சியக வளாகத்தில் அவருடைய அசல் படங்கள் இருக்கின்றன. பத்தடி தள்ளி நின்றால் சரிகை சரிகையாகவே மின்னும். காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். மஞ்சள், பழுப்பு, கொஞ்சம் வெள்ளை எனச் சில திட்டுகள் மட்டும் எஞ்சும். கைப்பேசித் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் இதைக் கற்க முடியாது. நாகர்கோவிலில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம்.

சுவரோவியங்கள் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையும் திருவட்டாறு கோயிலும் அருகிலிருப்பதால் சுவரோவியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-ல் குருவாயூர்க் கோயிலில் ஏற்பட்ட தீவிபத்தில் பழைய சுவரோவியங்கள் அழிந்தன. அவற்றை மீண்டும் எழுதும் பணியில் முன்னின்றவர் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர்; அவரை முதல்வராகக் கொண்டு 1989-ல் அங்கே ஒரு சுவரோவியப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது ஐந்தாண்டுப் படிப்பு. தெய்வ உருவத்தை விவரிக்கும் தியான சுலோகமும் ஐந்து வண்ண இலக்கணமும் கொண்ட வேறு ஒழுங்கு. மரபில் மனம் செல்பவர்களுக்கு அது நல்ல வழி. உங்கள் பாட்டியின் படத்தைப் பார்த்த பிறகு அது உங்கள் வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி பிழைப்பு. ஓவியத்தை மட்டும் நம்பி, அதுவும் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில், வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, அங்கே குடியேறிய ஓவியர்களுக்குக் கைகொடுத்தது அவர்கள் செய்து விற்ற, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களுமே. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். எம்.எஃப். ஹுசைன் மும்பையில் சினிமா பேனர் எழுதினார். நம் ஊர்ச் சந்திப்புகளிலும் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயர்ப்பலகையோடு ஒரு கடை இருந்தது. அங்கே தூரிகை கழுவப் போன பையன் சில ஆண்டுகளில் எழுத்தும் உருவமும் கற்றுவிடுவான். ஃபிளெக்ஸ் வந்து அந்தப் பட்டறைகளை மூடிவிட்டது. ஆகவே இன்னொரு வேலை பார்ப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. கையையும் மாலைப் பொழுதையும் முழுக்கத் தின்றுவிடாத வேலையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில், புகைப்பட உருவப்பட ஆர்டர்கள் எனக்குக் கவலை தருகின்றன. அவை அதே கையை, அதே பென்சிலை, அதே பழக்கத்தில் களைப்படையச் செய்கின்றன. மாதத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள்.

தொழில் வழி பொதுவாக இப்படி அமைகிறது: குழுக் கண்காட்சி, லலித் கலா அகாதெமியின் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்புவது, உதவித்தொகை, பிறகு தனிக் கண்காட்சி, ஏதாவது ஒரு கேலரியின் தொடர்பு. மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் தருகிறது. ஓவியமும் அதில் அடங்கும், உங்கள் வயதும் பொருந்தும். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அகாதெமியின் மண்டல மையத்தில் குறைந்த கட்டணத்தில் ஸ்டுடியோவில் இடம் வாங்கி வேலை செய்யலாம். கேலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதைக் கொள்ளை என்று நினைக்க வேண்டாம், சுவரும் வாங்குபவரும் அவர்களுடையவை. ஆனால், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு ‘சர்வதேசக் கண்காட்சி’ நடத்திச் சான்றிதழும் கேடயமும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடிக்கையாளர் நீங்கள்தான். அந்தப் பணத்துக்கு நல்ல கித்தான் வாங்குங்கள். உலக சாதனைக்காக நாக்கால் வரைவதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என நம்புகிறேன்.

அப்பாவின் யோசனையில் ஒரு விவரப் பிழை இருக்கிறது. பி.காம். முடித்துப் பி.எட். படித்தால் வணிகவியல் கற்பிக்கும் வழிதான் திறக்கும். பள்ளி ஓவிய ஆசிரியர் பணிக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளை லோயர், ஹையர் நிலைகளில் தேறி, தொழில் ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியையும் முடிப்பது வழக்கமான பாதை. கவின்கலைப் பட்டமும் அதற்கு உதவலாம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில்தான் தொடங்கினார்கள். இந்த விவரங்களை அவரிடம் காட்டுங்கள். லோயர் தேர்வுக்கு இந்த ஆண்டே விண்ணப்பித்தால், கல்லூரியில் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, அவருக்கும் ஒரு நிம்மதி இருக்கும்.

அன்புடன்,
நாகர்கோவில்